மிளகு மாதத்து வருகைப்பதிவு

பல்கலைக்கழக ஆய்வுக்குழுவின் ஜீப் மலைப்பாதையின் கடைசி வளைவில் கியர் மாற்றும் சத்தம் கல்லூரி அலுவலகத்துக்குள் கேட்டது. வருகைப் பதிவைக் கவனிக்கும் வளர்மதி அலமாரியைத் திறந்துவைத்துவிட்டு உள்ளே பார்க்காமல் நின்றாள். மேல்தட்டில் ஜனவரி மாத வருகைப் பதிவேடு. கீழ்த்தட்டில் மாணவர் சேவைக் கோப்புகள், அவற்றில் மாணவி ராதிகாவின் மருத்துவ விடுப்பு விண்ணப்பம். இரண்டுமே வளர்மதி தன் கைபட எழுதியவை. ஒன்று சொல்வதை மற்றது பொய்யாக்கியது.

ஜனவரி இருபத்து மூன்றாம் தேதி காலை பத்தே முக்காலுக்கு, வலது கை முறிந்து ராதிகா ராசிபுரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டதாக விண்ணப்பத்தோடு இருந்த சீட்டு சொன்னது. அதே நாள் ஐந்து பாடவேளையும் அவள் வகுப்பில் உட்கார்ந்திருந்ததாகப் பதிவேடு சொன்னது.

தை பிறந்துவிட்டால் மலையில் மிளகு பறிப்பு. ஏணி பிடிக்க ஒரு ஆள், ஏற ஒரு ஆள், களத்தில் காயப்போட ஒரு ஆள் என்று எல்லா வீட்டிலும் கை தேவைப்படும். வகுப்பில் பாதி பெஞ்சுகள் காலியாகிவிடும். வளர்மதி இங்கே வேலைக்கு வந்த முதல் வருடம் காலியைக் காலி என்றே எழுதினாள். அரியூர் நாடு என்ற மலை ஊரிலிருந்து வந்த சின்னராசு என்ற பையனுக்கு வருகை குறைந்து, பரீட்சை எழுத முடியாமல் போனது. அவன் திரும்பி வரவேயில்லை. இப்போது லோடு ஜீப் ஓட்டுகிறான். வழியில் பார்த்தால் வண்டியை நிறுத்தி, "நல்லாருக்கீங்களா மேடம்?" என்று சிரிப்பான். அந்தச் சிரிப்பில் குறையே இருக்காது. அதுதான் அவளுக்குத் தாங்காது. மறு வருடத்திலிருந்து தை மாதம் முழுக்க எல்லோருக்கும் வருகை போட்டாள். யாரும் போடச் சொல்லவில்லை. போடாதே என்றும் யாரும் சொல்லவில்லை. ஆறு வருடம் ஓடிவிட்டது.

இந்த வருடமும் அப்படித்தான். ராதிகா மரத்திலிருந்து விழுந்த செய்தி கல்லூரிக்கு வந்தபோது மூன்று நாள் ஆகியிருந்தது. மூன்று நாளும் பதிவேட்டில் ஏறியிருந்தன.

"இன்னும் எடுக்கலையா நீங்க?" முதல்வர் செந்தில்நாதன் கதவருகே நின்றார். "அந்த ஃபைல் இன்னைக்கு அவங்க கண்ணுல படக்கூடாதும்மா. உங்க பேக்ல வச்சுக்குங்க."

"மருத்துவ விடுப்பெல்லாம் இன்னைக்குக் குழு பாத்துக் கையெழுத்துப் போட்டாத்தான் செல்லும் சார். எடுத்துட்டா அந்தப் பொண்ணு பரீட்சை எழுத முடியாது."

"அவ ஒருத்தி. இது வெளிய வந்தா இங்க படிக்கிற முந்நூறு பேருக்கும் சிக்கல்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "மே மாசம் உங்க வேலையைப் புதுப்பிக்கணும். மறந்துடாதீங்க."

அவர் போனதும் அவள் கோப்பை எடுத்துப் பைக்குள் வைத்தாள். உடம்பு முழுக்க ஒரு நிம்மதி பரவியது. இவ்வளவு சுலபமா? சேலத்தில் படிக்கும் மகளை நினைத்தாள். மகள் பெயர் எழுதிய கோப்பு இப்படி யாரோ ஒருத்தியின் பையில், டிபன் டப்பாவுக்கும் குடைக்கும் நடுவில் கிடந்தால்?

"மேடம், வரலாங்களா?"

ராதிகா. கட்டுப் போட்ட கையைத் துப்பட்டாவில் தொட்டிலாகத் தொங்கவிட்டிருந்தாள். குழு சந்திக்கப்போகும் மாணவர் பட்டியலில் அவள் பெயரும் இருந்தது.

"கை எப்படி இருக்கு கண்ணு?"

"அரிக்குதுங்க. ஸ்கேலை உள்ள உட்டுச் சொறியறேன். மரம் ஏறறதுக்கு டிகிரி எதுக்குடீன்னு எங்கம்மா திட்டுது." சிரித்தவள், கதவைப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தாள். "பயப்படாதீங்க மேடம். அவிய கேட்டா காலேஜ் படிக்கட்டுல வுழுந்துட்டேன்னு சொல்லிப்போடறனுங்க. பத்து மணி பெல் அடிச்சப்புறம் வுழுந்தேன், இங்கிருந்துதான் தூக்கீட்டுப் போனாங்கன்னு. தேதியும் சரியா வந்துருமுங்க."

எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தாள். பத்தே முக்காலுக்குள் மலையிறங்கி ராசிபுரம் போய்ச் சேர முடியாது என்பதைத் தவிர. பத்தொன்பது வயதுப் பெண் பாடம் ஒப்பிப்பதுபோல் அதைச் சொன்னாள். இந்தப் பாடத்தை நடத்தியது யார்?

பதில் சொல்வதற்குள் குழுவின் உறுப்பினர் அமலோற்பவம் உள்ளே வந்துவிட்டார். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். வளைவுகளில் தலை சுற்றிய களைப்பு முகத்தில் இருந்தது. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு ஜனவரிப் பதிவேட்டைத்தான் முதலில் கேட்டார். பக்கம் பக்கமாக விரலை ஓட்டினார். விரல் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. நிற்காததுதான் பயமாக இருந்தது.

"நல்ல பிள்ளைங்கதான். மாசம் பூரா ஒருத்தருக்குக்கூடக் காய்ச்சல் வரலை." பதிவேட்டிலிருந்து கண்ணை எடுத்து ராதிகாவின் கையைப் பார்த்தார். "உனக்கு என்னம்மா ஆச்சு? எப்போ?"

"அதுங்க மேடம், காலேஜ் படிக்கட்டு—"

"இல்லீங்க." தன் குரல் அறையின் வேறு மூலையிலிருந்து வருவதுபோல் இருந்தது வளர்மதிக்கு. "மிளகு பறிக்கிறப்ப மரத்துல இருந்து விழுந்துட்டா. அன்னைக்கு அவ காலேஜுக்கே வரலைங்க. வந்ததா எழுதினது நான்."

பையைத் திறந்தாள். டிபன் டப்பா உருண்டு கீழே விழுந்தது. கோப்பை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

அமலோற்பவம் சீட்டைப் படித்தார். பதிவேட்டைப் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்த ஒரு நாள் மட்டுமா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். ஒரு நாள், ஒரு தவறு, ஒரு எச்சரிக்கைக் கடிதம். ராதிகா வளர்மதியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாசம் முழுக்கங்க. ஆறு வருசமா."

வெளியே முதல்வர் யாரிடமோ சத்தமாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"பறிப்பு மாசத்துல லீவு விட்டுட்டு, சனிக்கிழமைகள்ல வகுப்பு வச்சுக்கிறோம்னு பல்கலைக்கழகத்துக்கு எழுதினீங்களா?" அமலோற்பவம் கேட்டார். "மலைக் கல்லூரிக்கு அனுமதி கொடுப்பாங்களே."

"கேக்கலாம்னு தெரியாதுங்க." சொன்னதும் அது முழு உண்மை இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. கேட்டிருந்தால், இதுவரை போட்டதெல்லாம் என்ன என்று யாராவது கேட்டிருப்பார்கள்.

"மருத்துவ விடுப்பைப் பரிந்துரைக்கிறேன். அதுக்கு முன்னாடி, விழுந்த நாள்லேருந்து இவளுக்குப் போட்டிருக்கிற வருகையையெல்லாம் திருத்தி, நீங்க கையெழுத்துப் போடணும். மத்ததை என் அறிக்கையில எழுதித்தான் ஆகணும். உங்களைக் காப்பாத்த என்னால முடியாது." குரலில் கோபமில்லை. "நடந்ததை எழுதிக் கொடுங்க. சனிக்கிழமை வகுப்புக்கான கோரிக்கையையும் தனியா எழுதிக் கொடுங்க. ரெண்டையும் வாங்கிட்டுத்தான் கிளம்புவேன்."

அவர் அடுத்த அறைக்குப் போனார். வளர்மதி வெள்ளைத்தாளை எடுத்தாள். மின்விசிறிக் காற்றில் தாள் எழும்பி எழும்பி அடித்தது. முதல்வர் கதவைத் தாண்டிப் போகும் செருப்புச் சத்தம் கேட்டு, நின்று, மறுபடி நகர்ந்தது.

ராதிகா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கட்டுப் போட்ட கையைத் துப்பட்டாவிலிருந்து எடுத்து, தாளின் மேல்முனையில் வைத்தாள்.

"எழுதுங்க மேடம். புடிச்சுக்கிறேன்."

வளர்மதி தேதியைப் போட்டாள். பிறகு தன் பெயரை எழுதினாள்.