அளவுக்கு ஒரு பித்தளைப் பட்டன்

தபால்காரர் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் காலையில் அவர் மனைவி கொழுந்தன் வீட்டுக் கதவைத் தட்டினாள். இரண்டு வருஷமாக அந்த வாசலை மிதிக்காதவள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை, கொடுத்த தண்ணீரைத் தொடவில்லை.

"வீட்ல தேடாத இடமில்ல தம்பி. கூடத்துல மாட்ட ஒரு போட்டோ கூட இல்ல. நீங்கதான் வரையணும். சாயங்காலம் வரேன்."

பொய்யில்லை. கல்யாணப் போட்டோவில் கேமராக்காரர் ரெடி என்றதும் மனுஷன் தலையைக் குனிந்துகொண்டதில் உச்சி வகிடு மட்டும் பளிச்சென்று விழுந்திருந்தது. ஆபீஸ் அட்டையில் ஒட்டியிருந்த முகத்தின் மேல் முத்திரையை ஓங்கிக் குத்திவிட்டார்கள்; மூக்கு முழி ஒன்றும் தெரியவில்லை, மைதான் தெரிந்தது.

தெரு அவருக்கு வைத்த பேர் மப்ளர். வெயில் மண்டையைப் பிளந்தாலும் கழுத்தில் சாம்பல் நிற மப்ளரோடுதான் சைக்கிள் மிதிப்பார். தீராத சளி என்றார்கள் சிலர். பழைய காதலி பின்னிக் கொடுத்தது என்று மூன்றாம் வீட்டம்மா சத்தியம் பண்ணாத குறை. உள்ளே இருந்தது எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கழலை. அது பெண்டாட்டிக்கும் தம்பிக்கும் மட்டுமே தெரியும்.

தம்பிக்கும் தெரு ஒரு பேர் வைத்திருந்தது: பொடிப்படம். ஒரு பழைய இங்கிலீஷ் அகராதியை மறுபடி அச்சுப் போட்ட கம்பெனியில், தேய்ந்துபோன படங்களைத் திரும்ப வரைவது அவர் வேலை. அந்த அகராதி ஒரு தினுசு. பூனை என்றால் மாமிசம் தின்னும் வீட்டு மிருகம், எலிகளின் ஜென்ம விரோதி என்று நாலு வரிக்கு முழங்கும். அச்சகத்துப் பூனை படித்திருந்தால் கூசிப் போயிருக்கும். சோகம் என்றால் என்ன என்று போனால் துக்கத்தைப் பார் என்று அனுப்பும். துக்கத்திடம் போனால் சோகத்தைப் பார் என்று திருப்பி விரட்டும், சர்க்கார் ஆபீஸ் மாதிரி. வார்த்தைக்குப் பிடிபடாத சாமான்களுக்குத்தான் படம், அதுவும் கட்டைவிரல் நகம் அகலத்துக்கு. நீர்யானையும் அதற்குள் அடங்கணும், வண்டும் அடங்கணும். அதனால் பக்கத்தில் அளவுக்கு ஏதாவது இருக்க வேண்டும்: நீர்யானைக்கு ஒரு ஆள், வண்டுக்கு ஒரு தீக்குச்சி. மனுஷ உடம்பைக் காட்டினால் மட்டும் முகம் கூடாது. முகம் தெரிந்தால் படிக்கிறவன் சொல்லை விட்டுவிட்டு ஆளைப் பார்ப்பான் என்பது பதிப்பாசிரியர் கட்சி.

கழுத்துக் கழலைக்கு இருந்த பழைய படம் தேய்ந்து பூசணிக்காய் போல ஆகியிருந்தது. பொடிப்படம் அண்ணனிடம் போய் நின்றார்.

"மூஞ்சி வராதே?"

"உதட்டுக்குக் கீழதாண்ணா. யாருன்னே தெரியாது."

தம்பி கேட்டு இல்லையென்று சொல்லத் தெரியாத மனுஷன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜன்னலோரம் மப்ளரை அவிழ்த்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். கழலை அச்சு அசலாக வந்தது. அளவுக்கு என்ன போடுவது? எதிரே, அண்ணன் ஞாயிற்றுக்கிழமையும் கழற்றாத காக்கிச் சட்டைக் காலரில் பித்தளைப் பட்டன் மின்னியது. அதைப் போட்டார். பட்டனில் செதுக்கியிருந்த தபால் இலாகாவின் கொம்புச் சின்னத்தையும் விடவில்லை. வேலை என்று வந்துவிட்டால் அவருக்கு எதையும் விட மனசு வராது.

பள்ளிக்கூடத்தில் அந்த அகராதியைத்தான் வாங்கச் சொன்னார்கள். படத்தில் தபால் பட்டன்; அந்தத் தெருவுக்கு ஒரே தபால்காரர். பிள்ளைகள் கழலைக்கான இங்கிலீஷ் வார்த்தையைக் கத்திக்கொண்டு சைக்கிள் பின்னால் ஓடின. பெரியவர்கள் கத்தவில்லை. கடிதத்தை வாங்கிக்கொண்டு, மப்ளர் எங்காவது நழுவுகிறதா என்று பார்த்தார்கள்.

ஒரு நாள் அண்ணன், தம்பி வீட்டுக்கு வந்தார்.

"மூஞ்சிய மட்டும் விட்டுட்ட. மத்ததெல்லாம் போட்டுட்டியேடா" என்றார். அவ்வளவுதான். போய்விட்டார்.

அதற்கப்புறம் தெருவில் தபால் கொடுக்கவே வரவில்லை. மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு, தபால் பிரிக்கும் அறைக்குள் அடைந்துகொண்டார். பொடிப்படம் பதிப்பாசிரியரிடம் மன்றாடி அடுத்த பதிப்பில் பட்டனைச் சுரண்டி எடுக்க வைத்தார். புதுப் படத்தைக் காட்டப் போனபோது கதவு திறக்கவில்லை. கழலை வளர்ந்து மூச்சு முட்டியபோது டாக்டரிடம் காட்டச் சொல்லி அண்ணி கெஞ்சியிருக்கிறாள். "பாத்தவங்க பாத்தது போதும்" என்றாராம்.

பொடிப்படம், அண்ணி வந்து கேட்டுப் போன அன்று காலை பென்சிலை எடுத்தவர், மத்தியானம் வரைக்கும் உதட்டுக்குக் கீழேயே நின்றார். கழுத்து கேட்காமலே வந்தது, மடிப்பு மடிப்பாக, நரம்பு நரம்பாக. அழித்தார். உதட்டுக்கு மேலே போனால் கை ஓடவில்லை. புருவம் அடர்த்தியா? மச்சம் இடமா வலமா? அண்ணன் தம்பி ஒரே ஜாடை என்பார்களே என்று கண்ணாடி பார்த்துத் தன் மூக்கையே வைத்துப் பார்த்தார். திருட்டு மூக்கு, ஒட்டவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் என்னவோ நெடுநேரம் சொல்லிக்கொண்டே இருந்தார். சொல்லச் சொல்லக் கழலை ஏறி இறங்கியது நினைவிருந்தது. என்ன சொன்னார், சொல்லும்போது முகம் எப்படி இருந்தது, ஒன்றும் இல்லை.

சாயங்காலம் அண்ணி வந்து பார்த்தாள். காகிதத்தில் மப்ளர் இருந்தது, கழுத்தை முழுக்க மூடி, பின்னல் பின்னலாக. மேலே வெறும் கோடாக ஒரு தலை.

"மூஞ்சி எங்க தம்பி?"

"வரல அண்ணி. நீங்க சொல்லுங்க, போடறேன். கண்ணு எப்படி இருக்கும்?"

"சாதாரணமா இருக்கும்."

"சிரிச்சா?"

அண்ணி யோசித்தாள். "அவர் சிரிச்சா அவர் மாதிரிதான் இருப்பார்."

இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணினவள், எதைத் தேடுகிறாளோ, கண்ணை மூடி மூடித் திறந்தாள். கடைசியில் காகிதத்தைச் சுருட்டிக்கொண்டாள்.

"மப்ளர போட்டுட்டீங்கள்ல. இருக்கட்டும்."

அதை அப்படியே சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினாள். தெரு முழுக்க ஒவ்வொருத்தராகப் போய்ப் பார்த்தது. துக்கம் விசாரிப்பது ஒரு சாக்கு. மூன்றாம் வீட்டம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அப்படியே உரிச்சு வச்ச மாதிரி இருக்கார் என்றாள். எல்லாரும் ஆமாம் என்றார்கள். கதவோரம் நின்றிருந்த பொடிப்படம் மட்டும் செருப்பைத் தேடினார்.