தொண்ணூற்று ஒரு பேர்

கீழமங்கலத்தில் போக்கர் சீட்டுப் போட்டிக்குப் பந்தயச் சில்லு வாங்குவதில்லை. சொந்தக்காரர்களை வைத்துத்தான் ஆடுவார்கள். மாசி மாதத்து முதல் ஞாயிறு காலையில் ஊர்ச் சங்கத்தார் பைபாஸ் ரோட்டு மண்டபத்துக்குப் பெட்டிகளைக் கொண்டுவந்து திறப்பார்கள். உள்ளே இருப்பவர்கள் எழுந்து சோம்பல் முறித்து, முகம் கழுவி, காப்பி குடித்து முடித்ததும் ஆடுகிறவர்களுக்கு ஆளுக்குப் பன்னிரண்டு பேராகப் பங்கு வைப்பார்கள். யாருடைய சொந்தம் யாருக்குப் போகிறது என்று பார்ப்பதில்லை. பங்கில் வந்தவர்கள் அந்த ஆட்டக்காரரின் நாற்காலிக்குப் பின்னால் வரிசையாக உட்கார வேண்டும். ஆட்டத்தில் தோற்றால் எழுந்து எதிராளிக்குப் பின்னால் போய்விட வேண்டும். போட்டி முடிந்ததும் எல்லாரும் பெட்டிக்குள் போவார்கள். அடுத்த மாசி வரைக்கும் திறப்பு இல்லை.

இந்த வருடம் ஆடியவர்கள் எட்டுப் பேர். மதியச் சாப்பாட்டுக்குள் ஆறு பேர் தோற்று எழுந்து போய்விட்டார்கள். மீதி இருந்தவர்கள் சண்முகத்தாயும் அவளுடைய சம்பந்தி குருவம்மாளும். சண்முகத்தாய்க்குப் பின்னால் தொண்ணூற்று ஒரு பேர். குருவம்மாளுக்குப் பின்னால் ஐந்தே பேர். அந்த ஐந்தில் கடைசியாக உட்கார்ந்திருந்தவள் பொன்செல்வி, சண்முகத்தாயின் மகள்.

சண்முகத்தாய்க்கு மகளிடம் சொல்ல ஒரு வார்த்தை இருந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், பொன்செல்விக்கு இன்னும் பெட்டியில் இடம் ஒதுக்காத காலத்தில், அவள் கல்யாணமான இரண்டாம் மாதம், ஒரு வியாழக்கிழமை, ஒரு பையோடு வாசலில் வந்து நின்றாள். சண்முகத்தாய் அவளை உள்ளே விடவில்லை. வந்த பஸ் திரும்புவதற்குள் அதிலேயே ஏற்றி அனுப்பிவிட்டாள். அன்றைக்கு உன்னை உள்ளே கூப்பிட்டிருக்க வேண்டும் என்பதுதான் அந்த வார்த்தை.

எதிராளிக்குப் பின்னால் இருப்பவரோடு பேசக் கூடாது. ஆனால் மாலை ஆறு மணிக்குள் போட்டி முடியவில்லை என்றால், மண்டபத்தை மறுநாளும் எடுத்து எல்லாரையும் அங்கேயே தங்க வைப்பார்கள். ஆண்கள் மேடைப் பக்கம், பெண்கள் சாப்பாட்டுக் கூடத்துப் பக்கம். அங்கே யாருக்குப் பக்கத்தில் யார் பாய் விரித்தாலும் ஒருவரும் கேட்க மாட்டார்கள். அதனால் சண்முகத்தாய் ஆறு மணி வரை ஜெயிக்காமல் இருக்க வேண்டும். தொண்ணூற்று ஒரு பேரை வைத்துக்கொண்டு ஜெயிக்காமல் இருப்பது லேசில்லை.

ஒவ்வொரு ஆட்டத்திலும் சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே இரண்டு பேரும் ஆளுக்கு இவ்வளவு பேர் என்று நடுவில் கொண்டுபோய் நிறுத்தியாக வேண்டும். மணி அடிக்க அடிக்க அந்த எண்ணிக்கை கூடும். கையில் ஆள் குறைந்தவருக்கு அதுவே முடிவு. சண்முகத்தாய் நல்ல சீட்டு வந்தாலும் இந்த ஆட்டம் வேண்டாம் என்று மடக்கி வைத்தாள். நடுவில் நின்ற அவளுடைய ஆட்கள் குருவம்மாள் பக்கம் போனார்கள்.

ராஜா ஜோடியை மடக்கியபோது முதல் வரிசையில் இருந்த அவளுடைய மாமனாருக்குப் பொறுக்கவில்லை.

"ராஜா ஜோடியக் கவுத்திப் போடுதா பாரு. இவளுக்குப் பின்னால உக்காந்தது என் தலையெழுத்து."

"அவ என்னைக்குச் சொன்னதக் கேட்டிருக்கா?" என்றார் கணவர் சுடலைமுத்து. அவரைக் காலை பதினோரு மணிக்கு இரண்டு எட்டுச் சீட்டை வைத்து ஜெயித்திருந்தாள்.

குருவம்மாள் சீட்டுக்கு மேலாகப் பார்த்தாள். "என்ன மதினி, தர்மம் பண்ணுதீகளா?"

"சீட்டு வரல மதினி."

"உங்களுக்கா வரல? இம்புட்டுக் கூட்டத்த வச்சிக்கிட்டு?"

"கூட்டந்தான் இருக்கு. சீட்டு எங்க இருக்கு?"

"பதினஞ்சு பேரு ஆயாச்சு எனக்கு. இதுக்கெல்லாம் என் மருமக இவளைத் தனியா நடுவுல நிறுத்திருவேன்னு மட்டும் நினைக்காதீக. என்ன சொன்னாலும் வாயத் திறக்காம உக்காந்திருக்கது இவ ஒருத்திதான்."

பின்னால் பொன்செல்வி சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

ஐந்தே முக்காலுக்குச் சண்முகத்தாயிடம் எழுபத்தாறு பேர் இருந்தார்கள். பின்வரிசையில் இடுப்பு வலி தொடங்கிவிட்டது. பெட்டிக்குள் மெத்தை உண்டு, காலை நீட்டலாம், ஒருவர் மூச்சு ஒருவர் மேல் படாது. மண்டபத்து நாற்காலியில் அதெல்லாம் இல்லை. சின்ன மாமியார் மூன்று முறை கொட்டாவி விட்டாள். யாரோ ஒருவர், ஆடத் தெரியாதவளுக்கு எதற்கு இத்தனை ஜனம் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போயிருந்தால் தெரிந்திருக்கும் என்று இன்னொருவர் சொன்னார். சண்முகத்தாய் திரும்பவில்லை. சுவரில் இருந்த கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கடைசிச் சீட்டுக் கட்டைப் பிரித்தார்கள். சண்முகத்தாய்க்கு வந்தது ஒரு ஏழும் ஒரு இரண்டும். அந்த விளையாட்டில் அதைவிட மோசமான கை கிடையாது. இனித் தோற்கலாம் என்று அவளுக்கு நிம்மதியானது.

குருவம்மாள் சீட்டைப் பார்த்தாள். எழுந்து நின்றாள். தன் இருபது பேரையும் நடுவுக்குப் போகச் சொன்னாள். கடைசி ஆளாகப் பொன்செல்வி சேலையைச் சரிசெய்துகொண்டு வந்து நின்றாள்.

மடக்கிவிடலாம் என்று சண்முகத்தாய் கையை எடுத்தாள். அதற்குள் மாமனார் எழுந்துவிட்டார். பின்னால் இருப்பவர்களுக்குப் பொறுமை போனால் தாங்களாகவே நடுவுக்குப் போகலாம். போனவர்களைத் திரும்பக் கூப்பிட முடியாது. மாமனாருக்குப் பின்னால் சுடலைமுத்து, அவருக்குப் பின்னால் கொழுந்தன்மார், நாத்தனார்கள், சின்ன மாமியார். சரியாக இருபது பேர் போய் நின்றார்கள்.

"இருங்க மாமா. ஒரு பத்து நிமிசம்."

"எதுக்குளா? கால் மரத்துப் போச்சு."

குருவம்மாள் தன் சீட்டைத் திருப்பினாள். இரண்டும் ஆஸ், கட்டிலேயே பெரிய சீட்டு. தோற்றுவிடுவோம் என்று சண்முகத்தாய் நினைத்தாள். தோற்றால் குருவம்மாளுக்கு நாற்பது பேர், மணி ஆறைத் தாண்டிவிடும். மேசையில் பொதுச்சீட்டு ஐந்தையும் ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். ஏழு வந்தது. ராஜா வந்தது. நான்கு, ஒன்பது. கடைசியாக இன்னொரு ஏழு.

கையில் இருந்ததோடு மூன்று ஏழு, ஆஸ் ஜோடியை அடித்துவிட்டது. சங்கச் செயலாளர் மணியை அடித்தார். அப்போது ஆறுக்கு நான்கு நிமிடம் இருந்தது.

பொன்செல்வி மேசையைச் சுற்றிக்கொண்டு சண்முகத்தாயின் பக்கம் வந்தாள். சங்கத்து ஆட்கள் பெட்டிகளின் மூடியைத் திறந்துவிட்டார்கள். ஆண் வழிக்கு நீலம், பெண் வழிக்குச் சிவப்பு, கட்டிக்கொடுத்த பெண்களுக்குப் பச்சை. நாற்காலிகளை மடக்கும் சத்தத்தில் சண்முகத்தாய் வாயைத் திறந்தாள்.

"ஏளா, அன்னைக்கு…"

"பேச நேரமில்லம்மா," என்றார் செயலாளர். "ஆறு மணிக்குச் சாவியக் கொடுக்கணும்."

பொன்செல்வி பச்சைப் பெட்டிக்குள் ஒரு காலை வைத்தபடி நின்றாள்.

"இன்னும் கொஞ்சம் மெதுவா ஜெயிச்சிருக்கலாமேம்மா," என்றாள். பிறகு மற்றக் காலையும் எடுத்து வைத்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மூடியைப் போட்டார்கள்.

இந்த வருடம் முதல் பரிசாக வைத்திருந்தது ஒரு முழு வியாழக்கிழமை. செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார்கள். சண்முகத்தாய் அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கீழமங்கலம் பஸ்ஸில் ஏறி, மடியில் வைத்துக்கொண்டாள். கண்டக்டர் அவளுக்கு இலவசச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, வியாழக்கிழமைக்கு அரை டிக்கெட் எடுக்க வேண்டும் என்றார். எடுத்தாள். ரயில்வே கேட் தாண்டியதும் அது ஜன்னல் ஓரம் வேண்டும் என்று கேட்டது. சண்முகத்தாய் நகர்ந்து இடம் விட்டாள்.