1933 முதல் 1941 வரை

கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஷியாமளா சொன்னதும் மேனேஜர் விஜயபாஸ்கருக்கு வேர்த்துக் கொட்டியது. துபாய் அல் கூஸ் ஆபீசில் ஏசி அந்த அலறு அலறியும்!

ஜெர்மனியில் ஒரு வட்டார நாளிதழ். வயது நூற்றைம்பது. பழைய இதழ்களையெல்லாம் படமெடுத்து இந்த ஆபீசுக்கு அனுப்பியிருந்தார்கள். தேதிவாரியாக அடுக்கி, ஒன்றுகூட விடுபடவில்லை என்று சான்றிதழில் கையெழுத்திட வேண்டியவள் செக்கர் ஷியாமளா. அவளுக்கு ஜெர்மன் தெரியாது. தேதி தெரியும், அது போதாதா?

கூடவே வந்த ஆங்கில ஆண்டுவிழா மலரில் அவர்கள் பீற்றிக்கொண்ட பெருமை கொஞ்சமில்லை. 'நாங்கள் தாராளவாதிகள். வளைந்துகொடுக்காததால் 1933இல் ஹிட்லர் ஆட்கள் எங்களை மூடிவிட்டார்கள்.' அப்படியா சங்கதி! மூடின பத்திரிகை 1941 வரை தினமும் எப்படி வந்ததாம்? அதுவும் நாஜிச் சின்னத்தோடு?

கேட்டு எழுதினாள். விழாக்குழுத் தலைவரிடமிருந்து பதில் வந்தது: 'அந்த ஆண்டுகளின் ஃபோல்டரை நீக்கிவிட்டு, முழுமையானது என்று சான்று தரவும்.'

"நமக்கு எதுக்கும்மா அவங்க ஊர் வம்பு?" என்று கெஞ்சினார் விஜயபாஸ்கர். "கையெழுத்தப் போட்டுட்டா கலாஸ், வேலை முடிஞ்சுது. கான்ட்ராக்ட் ரெனியூவல் இருக்கு, அத நம்பி பத்துப் பேர் விசா இருக்கு."

அந்தப் பத்தில் தன்னுடையதும் ஒன்று என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

"இருக்கறத இல்லன்னு எழுத என்னால முடியாது சார்."

மறுநாள் தலைவரே வீடியோவில் வந்தார். "எங்கள் பத்திரிகையின் வரலாறு இது. உங்களுக்கு என்ன வந்தது?"

"வரலாறு உங்களுடையதுதான். அடியில் இருக்கப்போகும் கையெழுத்து என்னுடையது," என்றாள் ஷியாமளா.

அவர் அவளை விட்டுவிட்டு விஜயபாஸ்கரைப் பிடித்தார். "நீங்கள்தானே மேனேஜர்? நீங்களே போடுங்கள்."

விஜயபாஸ்கர் பேனாவை எடுத்தார். அடப்பாவி மனுஷா, போட்டுவிடுவார் போலிருக்கிறதே! சான்றிதழை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படித்தார். பேனாவை மூடி மேசைமேல் வைத்தார்.

"ஒவ்வொன்றாக எண்ணியவர் இவர். எண்ணியது தப்பென்று சொல்லுங்கள், போடுகிறேன்."

தலைவர் இணைப்பைத் துண்டித்தார். திரை அணைந்தது.

"போச்சு, எல்லாம் போச்சு," என்று தலையில் கைவைத்துக்கொண்டார் விஜயபாஸ்கர். "இப்ப என்னம்மா பண்றது?"

"முழுசா அனுப்ப வேண்டியதுதான் சார்."

அந்த எட்டு வருஷத்துக்கு நேரே '2,412 இதழ்கள்' என்று எழுதி, ஷியாமளா அடியில் கையெழுத்துப் போட்டாள்.