மூன்றாவது சேனல்

எண்பத்து மூன்றாம் வருஷம். விழுப்புரத்து ரேடியோக் கடைக்காரர் அரங்கநாதன் தலைப்பாடாக அடித்துக்கொண்டார்.

"தம்பி, நாலு சேனல் பெட்டிய எடுத்துக்கினு போ. கிடாருக்கு ஒண்ணு, ஆர்கனுக்கு ஒண்ணு, பாட்ற பொண்ணுக்கு ஒண்ணு, மிச்சம் ஒண்ணு. அம்மன் கோயிலு, மாதா கோயிலு, கல்யாணம், எதுக்கும் தாங்கும்."

அந்தோணிசாமி கேட்டால்தானே? திண்டிவனத்து மெல்லிசைக் குழுவின் கிடார்க்காரன் அவன். ஆம்ப்ளிஃபையர் வாங்கிவரக் குழு அவனைத்தான் நம்பி அனுப்பியிருந்தது. அவனோ பக்கத்துப் பெட்டியில் கிடாரைச் செருகிவிட்டான். அதில் மூன்றே சேனல். முதலாவதில் கிடார் கொஞ்சியது, இரண்டாவதில் உறுமியது. காலடி சுவிட்சைத் தட்டினால் மெலடியிலிருந்து டப்பாங்குத்துக்கு ஒரே தாவல். அடேயப்பா! ஆள் அங்கேயே விழுந்துவிட்டான்.

"ரெண்ட நீயே எடுத்துக்கினா, ஆர்கனும் அந்தப் பொண்ணு மைக்கும் ஒரே சேனல்லயா?" என்றார் அரங்கநாதன்.

"அட்ஜஸ்ட் பண்ணிக்கலாங்க."

திண்டிவனம் திரும்பி, நாலு சேனல் பெட்டி கடையில் தீர்ந்துவிட்டது என்று கூசாமல் புளுகினான். மேடையில் வயர் செருகுவதும் அவன் பொறுப்பாயிற்று.

யார் அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டது? ஒலக்கூரிலிருந்து வந்து பாடும் கிருஷ்ணவேணிதான். மூன்றாவது சேனலில் அவள் மைக்கும் குழுவை நடத்தும் மாஸ்டர் சுப்பராயலுவின் ஆர்கனும் ஒன்றாகக் கிடந்தன. குமிழை ஏற்றினால் ஆர்கன் அவளை அமுக்கியது. இன்னும் ஏற்றினால் மைக் கூவியது. பின்வரிசைக்கு அவள் குரலே போகவில்லை. "இன்னாம்மா, தொண்டை கம்மிப்போச்சா?" என்று ஊருக்கு ஊர் கேட்டார்கள். கிடாரை மட்டும் ஆகா ஓகோ என்றார்கள்.

அவளும் நம்பிவிட்டாள், பாவம். மிளகுக் கஷாயம், உப்புத் தண்ணீர், வெள்ளிக்கிழமை விரதம். வேனில் போகும்போது வாயையே திறக்க மாட்டாள்.

ஒருநாள் அந்தோணிசாமியிடம் கேட்டாள். "நெசத்தச் சொல்லுண்ணே. என் குரலு போயிடுச்சா?"

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். படுபாவி, "கொஞ்ச நாளு ரெஸ்ட் எடும்மா" என்றான். அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. இருந்தும் அடுத்த மேடையில் இரண்டு சேனலிலும் தன் வயரையே செருகினான். வெட்கங்கெட்ட ஆசை, வேறென்ன?

ஆறு மாதம் இப்படியே ஓடியது. திண்டிவனத்தில் மாதா கோயில் திருவிழா வந்தது. மேடை ஏறுமுன் கிருஷ்ணவேணி மாஸ்டரிடம் போனாள்.

"இதோட நிறுத்திக்கிறேங்க. கூட்டத்துல பேச்சு வாங்கிக்கினு இருக்க முடியல. வேற ஆளப் பாத்துக்கோங்க."

அந்தோணிசாமிக்கு அது காதில் விழுந்தது. எதிரே மாதா சொரூபம். நிமிர்ந்து பார்க்கத் தெம்பில்லை. குனிந்து, முதல் சேனலிலிருந்த தன் வயரைப் பிடுங்கினான். அவள் மைக்கை அதில் செருகிக் குமிழைத் திருகினான்.

அவள் வாயைத் திறந்தாள். குரல் தெருக்கோடிவரை போயிற்று. மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். திகைத்துப்போன மாஸ்டர் ஆர்கனில் ஒரு கட்டையை மாற்றி அழுத்திவிட்டார்.

பாட்டு முடிந்தும் கைதட்டல் ஓயவில்லை. கிருஷ்ணவேணி தன் மைக் வயர் போன வழியே பார்த்துக்கொண்டு வந்து, பெட்டியின் எதிரே நின்றாள்.

"தொண்டை கெடலியாண்ணே?"

"கெடலம்மா. நாலு சேனல் பெட்டி கடையில இருந்துச்சு. எனக்கு ரெண்டு வேணும்னு நாந்தான் இத எடுத்துக்கினு வந்தேன். என்ன செருப்பால அடி."

அவள் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பொங்கலுக்கு முன்னாடி விழுப்புரத்துலேர்ந்து பெரிய பாட்டுப் பார்ட்டிக்காரங்க வூட்டுக்கே வந்து கூப்ட்டாங்கண்ணே. மெட்ராஸ்ல பாடணும்னாங்க. குரலு போயிடுச்சுங்கன்னு நானே சொல்லி அனுப்பிட்டேன். இப்ப அங்க வேற பொண்ணு பாடுது."

மாஸ்டர் கையசைத்துக் கூப்பிட்டார். "அடுத்த பாட்டு இன்னாண்ணே?" என்று கேட்டாள் அவள்.

எவ்வளவு யோசித்தும் அந்தோணிசாமிக்கு அது ஞாபகம் வரவில்லை.