ஏழாவது தட்டு

1963ஆம் ஆண்டு ஆவணி பதினோராம் திகதி பின்னேரம், வேலணையில் அரியநாயகத்தாரின் குரல் அவருடைய தொண்டையை விட்டுக் கழன்று, ஓட்டோ சேஞ்சர் என்ற இசைத்தட்டு மெசினில் ஏழாவது தட்டாக விழுந்தது. தண்டில் அடுக்கி வைத்திருந்தவை ஆறு தட்டுகள்தான். அன்று சோளகக் காற்று சுமாராக வீசியது. ஊர்காவற்றுறைச் சந்தைக்கு ஒட்டி என்ற மீன் நிறைய வந்திருந்தது.

அரியநாயகத்தார் கிராமச் சங்கத் தலைவர். தன்னைப் பற்றிப் பேச ஆள் கிடைக்காத நேரங்களில் மாட்டிடமும் பேசுவார். மாற்றலாகிப் போன சுங்க அதிகாரி ஒருவரிடம் அந்த ஓட்டோ சேஞ்சரை வாங்கி வந்தவரும் அவர்தான். நடுத்தண்டில் இசைத்தட்டுகளை அடுக்கிவிட்டால், ஒன்று பாடி முடிய ஊசிக்கை தானே விலகும், அடுத்தது தானே விழும், கை தானே திரும்பி வரும். அவர் வீட்டிலோ மூன்று தட்டுகள் ஒன்றாக விழுந்தன. கை வெறும் காற்றைச் சுரண்டிக்கொண்டு நின்றது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மெக்கானிக், “இது ஏலாது ஐயா,” என்று சொல்லி, தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனான்.

அதைத் திருத்தியவள் அவருடைய மனைவி நாகபூசணி. தையல் மெசினைக் கழற்றிப் பூட்டிப் பழகிய கை அவளுடையது. கணவர் குறட்டை விட்ட ஒன்பது மத்தியானங்கள் குசினி மேசையில் அதைக் கவிழ்த்து வைத்து வேலை செய்தாள். உள்ளே கிறீஸ் பனங்கட்டி போல இறுகிக் கிடந்தது. ஈர்க்கால் சுரண்டி மண்ணெண்ணெயில் கழுவினாள். வழுக்கிப்போன ரப்பர்ச் சில்லை அரத்தாளால் உரசிச் சொரசொரப்பாக்கினாள். தட்டு முடிந்ததைக் கைக்கு அறிவிக்கும் சின்னஞ்சிறிய இரும்பு நாக்கு ஒன்று அடியில் இருந்தது. அதை மட்டும் துடைத்து, எண்ணெய் படாமல் உலர்வாக விட்டாள். எண்ணெய் பட்டால் அது ஒட்டிக்கொள்ளும் என்பது இரண்டு நாள் வீணாகிய பிறகு அவளுக்குத் தெரிந்தது. மண்ணெண்ணெய் பட்டு அவள் விரல் நுனிகள் உரிந்திருந்தன. பத்தாம் நாள் ஆறு தட்டுகளும் ஒவ்வொன்றாக, மரியாதையாக விழுந்தன. அரியநாயகத்தார் “ம்” என்றார். பிறகு ஊரிலுள்ள பெரிய மனிதர்களை அழைத்தார்.

தெருவுக்கு மின்சாரம் வந்திருக்கவில்லை. அவருடைய சொந்த ஜெனரேற்றர் வளவில் உறுமிக்கொண்டிருந்தது. ஆறு தட்டுகளும் பாடிய நேரமெல்லாம் அவர் பாட்டுக்கு மேலாகப் பேசினார். நாகபூசணி வடைத் தட்டோடு வாசலில் நின்றாள்.

“உந்த மெசினை யாழ்ப்பாணத்து மெக்கானிக்கே கைவிட்டவன். நான்தான் கழற்றிப் பூட்டினனான்!”

அந்தச் சொல்லோடு ஆறாவது தட்டு முடிந்தது. தண்டில் ஒன்றுமில்லை; மெசின் நின்றிருக்க வேண்டும். ஆனால் டொக்கென்று, பெயர் ஒட்டாத கறுப்புத் தட்டு ஒன்று விழுந்தது. ஊசி அதில் அமர்ந்தது. “என்ர கைபட்டால் ஓடாத சாமான் இல்லை,” என்று ஒலிபெருக்கி சொன்னது. அரியநாயகத்தாரின் வாய் சத்தமில்லாமல் திறந்து மூடியது. விருந்தினர் கால் மணி நேரம் வடை தின்றார்கள், தலையாட்டினார்கள், ஒருவரும் கவனிக்கவில்லை. அவர் பேசும்போது முகத்தைப் பார்க்கும் வழக்கம் ஊரில் எவருக்கும் இருக்கவில்லை. சொற்களுக்கு நடுவே ஊசி கீறும் ஓசையைக் கேட்டவள் நாகபூசணி மட்டும்தான்.

டொக்குத்தர் தொண்டையைப் பார்த்து ஒரு குறையுமில்லை என்றார். நயினாதீவுக் கோவிலில் வைத்த நேர்த்தியும் பலிக்கவில்லை. அரியநாயகத்தார் சிலேற்றில் “திருத்து” என்று எழுதி மனைவியிடம் நீட்டினார்.

“எனக்கென்ன தெரியும்? நீங்கள்தானே கழற்றிப் பூட்டினனியள்.”

“வாயை மூடு,” என்று எழுதினார். அவள் வாசித்தாள், ஈரத் துணியால் துடைத்தாள், சிலேற்றைத் திருப்பிக் கொடுத்தாள்.

“வேறையென்ன எழுதப் போறியள்? ஆர் திருத்தினதெண்டு எழுதுங்கோ. அண்டைக்கு வந்த ஆக்களுக்குக் காட்டுங்கோ. எனக்கு அது போதும்.”

அவர் எழுதவில்லை. பன்னிரண்டு வருடம் எழுதவில்லை. மாறாக, மெசினையும் ஜெனரேற்றரையும் மாட்டுவண்டியில் ஏற்றிக் கிராமச் சங்கக் கூட்டங்களுக்குப் போனார். ஏழாவது தட்டு ஒவ்வொரு கூட்டத்திலும் அதே பேச்சைப் பேசியது. அங்கத்தவர்கள் முன்பு போலவே கைதட்டினார்கள். தேய்ந்த பள்ளத்தில் ஊசி சிக்கி “நான், நான், நான்” என்று நின்ற தேர்தலில்தான் அவருக்கு என்றுமில்லாத பெரிய வெற்றி.

இதற்கிடையில், அரியநாயகத்தார் வீட்டில் மெசின் திருத்தப்படும் என்ற பேச்சு தீவுகளெங்கும் பரவியது. படலைக்கு வந்தவர்கள், “திருத்துறது ஐயாவோ?” என்று கேட்டார்கள். அவர் தலையாட்டி வாங்கி வைத்தார். உள்ளே அவள் திருத்தினாள். நன்றிக்கு வந்த கருவாட்டையும் அவரே வாங்கினார். நாகபூசணிக்கு அது ஒவ்வொரு முறையும் சுட்டது. ஆனாலும் பழுதான மெசின் ஒன்றைத் திருப்பி அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை.

1975இல் அவளுக்கு நெருப்புக் காய்ச்சல் வந்தது. மூன்று கிழமை பாயில் கிடந்தாள். அப்போதும் அவர் தலையாட்டி மெசின்களை வாங்கினார். கடைசியில் வேறு வழியில்லாமல் ஊர்காவற்றுறை ஆசிரியை கத்தரீனாவின் பாட்டு மெசினைத் தானே திறந்து, கண்ணில் பட்ட இடமெல்லாம், அந்தச் சின்ன இரும்பு நாக்கிலும், தாராளமாக எண்ணெய் ஊற்றினார். கத்தரீனா வந்து பார்த்தாள்.

“இதென்ன ஐயா, மெசினைப் பொரிச்சே வைச்சிருக்கிறியள்?”

தெருவில் நின்றவர்கள் சிரித்தார்கள். அடுத்த நாள் நெடுந்தீவிலிருந்து குருசுமுத்து என்ற மீனவர் சாக்கில் சுற்றிய மெசினோடு வந்து, “திருத்துறது ஐயாவோ?” என்றார். அரியநாயகத்தார், மனம் திருந்தி அல்ல, இன்னொரு மெசினைத் திறக்க வேண்டி வருமே என்ற பயத்தில், தலையை இல்லையென்று ஆட்டி வீட்டுக்குள் கைகாட்டினார்.

“அவதான்,” என்றார்.

வந்தது துருப்பிடித்த கீச்சுக் குரல்தான். ஆனால் அது தொண்டையிலிருந்து வந்தது. அவர் ஊமையாக இருந்ததை அறியாத குருசுமுத்து, “அப்ப அக்காட்டையே குடுக்கிறன்,” என்று உள்ளே போனார். அலுமாரியில் இருந்த ஏழாவது தட்டு பள்ளமெல்லாம் அழிந்து கண்ணாடி போல வழுவழுப்பாகியிருந்தது.

நாகபூசணி பாயில் எழுந்திருந்து, சாக்கை அவிழ்த்து, ரப்பர்ச் சில்லை விரலால் சுண்டிப் பார்த்தாள்.

“தேத்தண்ணி,” என்றார் வாசலில் நின்ற அரியநாயகத்தார்.

“கேத்தில் அடுப்பில கிடக்கு. எனக்கும் அவருக்கும் சேர்த்து ஊத்திக்கொண்டு வாங்கோ.”

அவர் போய் ஊற்றினார். அவருக்குக் குரல் திரும்பியதை ஊர் ஒரு கிழமை கழித்து அறிந்தது. அது போயிருந்தது என்பதையே பலர் அப்போதுதான் அறிந்தார்கள்.