சுத்தமான சுவர்

எட்டு மாதம் நடையாய் நடந்து, மனுவுக்கு மேல் மனு போட்டு, ஒருவழியாக அரசுக் குடியிருப்பு அலுவலகத்து ஆய்வாளரை அன்று வரவழைத்திருந்தாள் தையல்காரி. மகள் படுக்கும் அறையில் கட்டிலிலிருந்து கூரைவரை கரும்பூஞ்சை. அந்த ஆறு வயதுப் பிள்ளைக்கு மூச்சு இழுப்பது அடுப்படிவரை கேட்கும். "மருந்து மட்டும் போதாதும்மா, முதல்ல அந்த ரூமை விட்டு வெளிய வாங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆய்வாளர் பார்த்து, பூஞ்சை உண்டு என்று ஒரு வரி எழுதினால் போதும். மேல்மாடியில் காலியாகக் கிடக்கும் ஈரமில்லாத வீடு அவர்களுக்குக் கிடைத்துவிடும்.

அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஓடிவந்தவளுக்கு வாசலிலேயே பிளீச்சிங் பவுடர் நெடி மூக்கில் ஏறியது. நேராக மகளின் அறைக்கு ஓடினாள்.

பஸ் ஓட்டும் அவள் கணவன், கல்யாணமாகிப் பத்து வருடத்தில் துடைப்பத்தைத் தொட்டறியாத மகானுபாவன், முழங்கைவரை வெள்ளை பெயிண்டோடு இளித்துக்கொண்டு நின்றான். சுவர் பளிச்சென்று இருந்தது. மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க பண்ணி வெச்சிருக்கீங்க?"

"ஆபீசர் வர்றாருல்ல? சுவரு அந்த லட்சணத்துல கிடந்தா நம்மளப் பத்தி என்ன நெனப்பாரு? காலையிலேர்ந்து தேய்ச்சு, பெயிண்டும் அடிச்சிட்டேன்!"

இவனை அடிப்பதா, தன் தலையில் அடித்துக்கொள்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அதற்குள் ஆய்வாளர் வந்துவிட்டார்.

"எங்கம்மா பூஞ்சை?"

செல்போனில் படங்களைக் காட்டினாள். கணவன் செய்த கூத்தையும் சொன்னாள்.

"இது எந்த வீட்டுச் சுவருன்னு நான் கண்டேனா? கண்ணால பாக்குறதத்தான்மா எழுத முடியும்."

பூஞ்சை இல்லை என்று எழுதி அவளிடமே கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். போகும்போது, "வீட்டை நல்லா சுத்தமா வெச்சிருக்கீங்க" என்று பாராட்டு வேறு. கணவனின் முகம் மலர்ந்தது. அதைப் பார்த்து அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இனி திரும்ப மனு போட்டு, திரும்ப எட்டு மாசம் அலையணும். புரியுதா உங்களுக்கு?"

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. தலையைச் சொறிந்தான்.

"ஈரம் உள்ளதான இருக்கு? ரெண்டு மாசத்துல பூஞ்சை தானா வந்துரும். வந்ததும் கூப்பிட்டுக் காட்டலாம்."

ஒழிந்து போ என்று நாள்தோறும் சபித்த சனியனை இனி வா, வா என்று வேண்டிக்கொள்ள வேண்டும், அதுவும் பெற்ற பிள்ளையின் தலைமாட்டில்.

"சரி, வரட்டும்" என்றாள் அவள். "அதுவரைக்கும் உங்க பொண்ண மூச்சு விடாம இருக்கச் சொல்லுங்க."