ஹெல்மெட்டுக்கு மேலே இரண்டு விரல்

1

இந்தக் கதை என் வாய்க்குள் பிறந்தது. பெருமைக்குச் சொல்லவில்லை. வலது கீழ்க் கடைவாய்ப் பல்லில் ரூட் கேனல் ஆரம்பித்த அன்று பிறந்தது. வாய் நிறையப் பஞ்சு. உதடு மரத்துக் கிடக்கிறது. ஒரு குழாய் விடாமல் எச்சிலை உறிஞ்சுகிறது. அந்த நிலையில் பல் டாக்டர் என் முகத்துக்கு மேலே குனிந்து கேட்டார்:

"சார், நீங்களே சொல்லுங்க. கூண்டு போடலாமா, வெறும் பார் போதுமா?"

நான் "ஆ" என்றேன்.

"நானும் அதேதான் நினைச்சேன்," என்றார்.

பிறகு நாற்பது நிமிடம் அவர் பேச, நான் கேட்டேன். ஓர் எழுத்தாளனை நாற்பது நிமிடம் வாயைத் திறக்க வைத்து, ஒரு வார்த்தையும் பேசவிடாமல் செய்த பெருமை உலகத்தில் இவர் ஒருவருக்குத்தான் உண்டு.

விஷயம் இதுதான். டாக்டரிடம் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. இரண்டு பேர்தான் உட்காரலாம், கூரையைப் பின்னால் மடக்கிவிடலாம். மாதத்தில் ஒரு ஞாயிறு அதை ரேஸ் டிராக்குக்குக் கொண்டுபோய் ஆசை தீர ஓட்டுவார். போன மாதம் அங்கே வேறு யாரோ ஒருவருடைய திறந்த கார் தலைகீழாகக் கவிழ்ந்தது. ஆள் சிராய்ப்போடு தப்பிவிட்டார். ஆனால் டிராக்குக்காரர்கள் பயந்துபோய், பாதுகாப்புக் கம்பி இல்லாத திறந்த காரை இனி உள்ளே விட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு இரண்டு வழி. ஒன்று ரோல் பார்: சீட்டுகளுக்குப் பின்னால் வளைவு போல நிற்கும் தடித்த இரும்புக் குழாய். இன்னொன்று கூண்டு: தலைக்கு மேலே, கதவோரம், முன்கண்ணாடியோரம் என்று ஆளைச் சுற்றி முழுக்கக் குழாய். எதைப் போடுவது?

வாசலில் கூரியர்காரர் வந்து நின்றால் அவரிடமும் இதே கேள்வியைத்தான் கேட்பார் போலிருந்தது.

2

தொடக்கங்கள்.

"காலை வெயிலில் அந்தச் சிவப்புக் கார் ஒரு —"

(ஒரு என்ன? நான்கு உவமை யோசித்தேன். நான்கும் பலபேர் ஓட்டித் தேய்த்த வண்டிகள். அடித்துவிட்டேன்.)

"ஒவ்வொரு திருப்பத்திலும் மரணம் அவருக்காகக் காத்து —"

(ஐயோ, வேண்டாம். இன்னும் இரண்டு தடவை அந்த நாற்காலியில் நான் படுக்க வேண்டியிருக்கிறது.)

மூன்றாவது தொடக்கம் பட்டறையில். இதை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன்.

பட்டறையை நடத்துவது ஒரு பெண். ஊரே அவரைப் பட்டறை அக்கா என்கிறது, டாக்டரும் அப்படித்தான் கூப்பிடுவார். டாக்டர் போனபோது அக்கா வெல்டிங் முகமூடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு, முழங்கை வரை கையுறையோடு நின்றார். டாக்டர் போனை நீட்டினார். அதில் கூண்டு போட்ட கார்கள், வரிசையாக எழுபது படம்.

"முழுக் கூண்டே போட்டுடுங்க அக்கா. போடறதுதான் போடறோம், நல்லாப் போட்டுடுவோமே."

அக்கா இரண்டு படம் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பித் தந்தார். ஓரத்தில் நின்ற, வேறொருவருடைய கூண்டு போட்ட காரைக் காட்டி, ஏறி உட்காரச் சொன்னார். டாக்டர் பக்கக் கம்பியைத் தாண்டி, ஒரு காலை உள்ளே விட்டு, மற்றதை எங்கே விடுவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்று, ஒருவழியாக உட்கார்ந்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"இப்ப தலையை வலப்பக்கமா ஆட்டுங்க."

ஆட்டினார். டங்கென்று சத்தம்.

"வலிக்குதா?"

"லேசா."

"நின்னுக்கிட்டு இருக்கிற வண்டியிலேயே இப்படி. தலையில ஹெல்மெட் இருந்தா இந்தக் கம்பி உங்களைக் காப்பாத்தும். இல்லாட்டி யாராவது பின்னால இடிச்சாலே போதும், இதுவே உங்க மண்டையைப் பொளந்துடும். தினம் கிளினிக்குக்கு ஹெல்மெட் போட்டுக்கிட்டா போவீங்க?"

"போனா என்ன?"

"பேஷன்ட்டு தெறிச்சு ஓடிடுவாங்க."

"ஸ்பாஞ்ச் சுத்திட்டா?"

"மெதுவா அடிக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்." அக்கா கையுறையைக் கழற்றினார். "டாக்டர், டிராக்குல உங்களுக்குக் கூண்டுதான் நல்லது, இல்லன்னு சொல்லல. ஆனா போட்டா இது டிராக் வண்டி. ரோட்டுல ஓட்டக் கூடாது. வீட்டுக்காரம்மாவோட போய்வர வேற வண்டி பாத்துக்கங்க."

டாக்டர் இறங்கவில்லை. தலையைத் தடவிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். தினமும் கிளினிக்கைப் பூட்டியதும், அவரும் அவர் மனைவியும் கூரையைத் திறந்துவிட்டு, வேண்டுமென்றே சுற்றுவழியில் வீட்டுக்குப் போவார்கள். இருபது நிமிடம். ஒரு நாளில் அவர்கள் இருவர் மட்டும் இருக்கிற நேரம் அதுதான். வீட்டில் பிள்ளைகள், கிளினிக்கில் நோயாளிகள்.

ஆக, வாசகரே, தராசின் ஒரு தட்டில் டாக்டரின் தலை, இன்னொன்றில் அந்த இருபது நிமிடம். கதை இதுதான், வேறெதுவும் இல்லை.

3

இங்கே எனக்கு மனைவிப் பாத்திரத்தின் மீது சந்தேகம் வந்தது. நியாயமான சந்தேகம். ஏனென்றால் முதல் வரைவில் நான் எழுதியிருந்தது இது: "'வேண்டாங்க, இந்த ஆபத்தான விளையாட்டு!' என்று அவள் கண்கலங்கி —"

இரண்டாவது தடவை கிளினிக்குக்குப் போனபோது தாள்களையும் கையோடு எடுத்துப் போயிருந்தேன். வரவேற்பு மேஜையில் இருப்பவர்தான் டாக்டரின் மனைவி. எல்லோரும் மேடம் என்கிறோம். "என்ன எழுதறீங்க, குடுங்க பாப்போம்," என்று வாங்கினார். நான் தடுத்திருக்கலாம். புத்தி போன போக்கு, கொடுத்துவிட்டேன்.

"இந்தப் பொம்பளை யாரு?"

"நீங்கதான் மேடம்… கதைக்காகக் கொஞ்சம்…"

"நான் எப்பங்க கண்கலங்கினேன்?" பென்சிலை எடுத்து அந்த வரியை அடித்தார். பள்ளிக்கூடத்தில்கூட யாரும் என்னை இப்படி அடித்ததில்லை. "கூண்டு வெச்சா பக்கக் கம்பியைத் தாண்டி ஏறணும். எனக்கு முழங்கால் அவ்வளவு உசரம் தூக்காது. என்னை ஏத்த கிரேன் வரணும்னு சொன்னேன். அவர் சிரிச்சார். பாரே போடறேன்னுட்டார். இவ்வளவுதான் நடந்துச்சு. இதுக்கெதுக்கு ஒரு பக்கம்?"

(அவர் சொன்னபடியே திருத்திவிட்டேன். என்னுடைய ஒரு பக்கத்தை அவர் இரண்டு வரியில் முடித்துவிட்டார் என்பதையும் பதிவு செய்கிறேன்.)

4

டாக்டர் ரோல் பாரைத் தேர்ந்தெடுத்தார். கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும். முடியாததற்குக் காரணம், அவர் பல் டாக்டராக இருந்தது.

அக்கா ஓர் அளவுதான் கேட்டார்: டாக்டர் ஹெல்மெட்டோடு காரில் உட்கார்ந்தால், சீட்டிலிருந்து உச்சிவரை எவ்வளவு உயரம்? பட்டறைக்கு வந்தால் தானே எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார். ஆனால் அன்று கிளினிக்கில் கூட்டம். காரோ பட்டறையில் பிரித்துப் போட்டுக் கிடந்தது. டாக்டர் யோசித்தார். சீட் என்றால் சீட்தானே? கையருகே உலகத்திலேயே துல்லியமான சீட் ஒன்று இருக்கும்போது எதற்கு அலைச்சல்?

நோயாளி நாற்காலியின் முதுகைக் கார் சீட்டின் அதே சாய்வுக்குக் கொண்டுவந்தார், கோணமானி வைத்துப் பார்த்து. ஏறி உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் அதில் அவர் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. மேடம் டேப்பைப் பிடித்தார், மெத்தையின் விளிம்பிலிருந்து உச்சிவரை.

"வாயைத் திறக்கட்டுமா?" என்றார் டாக்டர்.

"கொஞ்சம் மூடிக்கிட்டு நேரா உட்காருங்க."

மூன்று தடவை அளந்தார்கள். அரை மில்லிமீட்டர்வரை சரிபார்த்து, நோயாளி அட்டையில் எழுதி, அக்காவுக்குப் போனில் சொன்னார்கள்.

அந்த மெத்தை ஆள் உட்கார்ந்தால் ஒரு விரற்கடை அமுங்கும், விளிம்பு அமுங்காது. இது ஒன்று. அளக்கும்போது டாக்டரின் தலையில் இருந்தது ஹெல்மெட் இல்லை, நோயாளிகளைப் பார்க்கும்போது போடுகிற துணித் தொப்பி. இது இரண்டு. இருவரும் படித்தவர்கள் என்பதை இங்கே நினைவூட்டுகிறேன்.

பார் தயாரானது. கறுப்புப் பெயின்ட், அழகான வளைவு, பிசிறில்லாத வெல்டிங். டாக்டர் மேடத்தையும் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனார். ஹெல்மெட் மாட்டி உட்கார்ந்தார். அக்கா ஒரு துடைப்பக் கட்டையோடு வந்தார். டாக்டர் சீட்டிலேயே கொஞ்சம் பின்வாங்கினார்.

"பயப்படாதீங்க, அளக்கத்தான். கட்டையோட ஒரு முனை பார் மேல, இன்னொண்ணு முன்கண்ணாடிச் சட்டத்து மேல. உங்க ஹெல்மெட் ரெண்டு விரல் கீழ இருக்கணும்."

கட்டை பாரைத் தொடவே இல்லை. ஹெல்மெட் மேல் படுத்துக்கொண்டது.

அக்கா கட்டையை எடுத்துக் கீழே வைத்தார். பிறகு, "இந்த வண்டி கவுந்தா முதல்ல தரையைத் தொடறது பார் இல்ல டாக்டர், நீங்க," என்றார். "அரை மில்லிமீட்டர் கணக்குல சொன்னீங்களே! அதனாலதானே எனக்குச் சந்தேகமே வரல!"

சரியாக இருந்தால் எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காகத்தான், டாக்டரைவிட உயரம் குறைந்த மேடத்தை அக்கா உட்காரச் சொன்னார். வேறெந்த நோக்கமும் இல்லை. மேடம் ஏறினார், ஹெல்மெட்டை மாட்டினார். கட்டை பாரிலிருந்து சட்டத்துக்கு நேராக நின்றது. நடுவே அக்காவின் இரண்டு விரல் தாராளமாகப் போய்வந்தது.

"அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு. சரி மேடம், இறங்குங்க."

"ஒரு நிமிஷம்," என்றார் மேடம். ஹெல்மெட் கண்ணாடியைக் கீழே இறக்கினார். இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்தார்.

பத்து நிமிடம் ஆனது.

5

முடிவுகள். கையில் இருப்பதையெல்லாம் கடை பரப்புகிறேன்.

சீட்டைத் தாழ்த்துவது. செய்து பார்த்தார்கள். டாக்டருக்கு வானம் மட்டும் தெரிந்தது.

பாரை உயர்த்துவது. அப்போது கூரை மூடாது. முதல் மழையிலேயே சீட்டில் மீன் வளர்க்கலாம்.

டாக்டர் திடீரென்று குட்டையாகி — (இல்லை, இல்லை. களைப்பில் எழுதியது.)

கூண்டு. டிராக் வண்டிக்குக் கூரை மூட வேண்டியதில்லை, உயரமாகவே போடலாம். டாக்டருக்குத் தாராளமாக இடம் இருக்கும், அவர் டிராக்கில் ஓட்டலாம். சுற்றுவழி இருபது நிமிடம் போய்விடும்.

பாரை அப்படியே விட்டுவிட்டு, டிராக்கில் மேடம் ஓட்டுவது. பக்கத்து சீட்டிலும் அதே உயரம் என்பதால் டாக்டரால் அதிலும் உட்கார முடியாது. அவர் வேலிக்கு வெளியே நிற்க வேண்டும். சுற்றுவழி இருபது நிமிடம் பிழைக்கும். (சாலையில் இந்த உயரம் பரவாயில்லையா என்று அக்காவைக் கேட்டேன். "ரோட்டுல ஹெல்மெட் இல்ல, அவ்வளவு தலை குறையுதே," என்றார்.)

இந்தக் கடைசியை நான் நகைச்சுவைக்காகத்தான் எழுதினேன். மூன்றாவது தடவை போகும்வரை.

6

அன்று உள்ளே வேறொரு நோயாளி. நான் காத்திருந்தேன். மேடம் தாள்களை வாங்கிப் படித்தார். இந்தத் தடவை பென்சிலை எடுக்கவில்லை.

"ஓட்ட ஆசையா மேடம்?" என்று கேட்டேன்.

"ஆசை இல்லாமலா பத்து நிமிஷம் இறங்காம உட்கார்ந்திருந்தேன்? தினம் காலையில அந்த வண்டியை இங்க ஓட்டிட்டு வர்றதே நான்தான்." தாள்களை மேஜையில் வைத்தார். "அதுவும் போக, அந்த வேலி எனக்கு அலுத்துப்போச்சு சார். பதினோரு வருஷம்."

"அங்க நின்னு என்ன பண்ணுவீங்க?"

"கண்ணை மூடிக்கிட்டு எண்ணுவேன். வண்டி எதிர்ல தாண்டிப் போனதும் ஒண்ணு, ரெண்டுன்னு. நூத்தி நாப்பதுல திரும்ப சத்தம் வந்துடும். அப்பதான் கண்ணைத் திறப்பேன். ஒரு தடவை நூத்தித் தொண்ணூறு வரைக்கும் வரல."

உள்ளே இரைந்துகொண்டிருந்த டிரில் நின்றது.

கதவு திறந்தது. கையுறையோடு, முகமூடியோடு டாக்டர்.

"நூத்தித் தொண்ணூறா?" என்றார். "மணல்ல சறுக்கி நின்னேனே, அன்னைக்கா? எனக்கு ஒண்ணும் ஆகலையேம்மா. கைகூட ஆட்டினேனே."

"நீங்க கை ஆட்டினது எனக்கு எப்படிங்க தெரியும்? சத்தம் வரல. அதுதான் தெரிஞ்சுது."

"வந்தப்ப சிரிச்சுக்கிட்டே தண்ணி குடுத்தியே!"

"குடுத்தேன்."

"ஏன் அப்பவே சொல்லல?"

"சொன்னா போறதை நிறுத்திடுவீங்க. மாசம் பூரா குனிஞ்சே கெடக்கிறீங்க. அந்த ஒரு நாள்தான் உங்க முதுகு நிமிருது. அதையும் நானே கெடுக்கணுமா?"

டாக்டர் முகமூடியை இறக்கினார். உள்ளேயிருந்து நோயாளி எதையோ முனகினார். யாரும் காதில் வாங்கவில்லை. டாக்டர் மேஜையைச் சுற்றி வந்து, கையுறையைக் கழற்றிவிட்டு, மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். நான் சுவரில் தொங்கிய பல் துலக்கும் முறைகள் படத்தை முழுக்க மனப்பாடம் செய்தேன்.

7

என் முறை வந்து, பல்லும் மூடப்பட்டு, பஞ்செல்லாம் எடுத்த பிறகு டாக்டர் சொன்னார்:

"சார், சனிக்கிழமைக்குள்ள அக்காவுக்குப் பதில் சொல்லணும். கூண்டா, இப்ப இருக்கிற பாரான்னு. எங்களால முடிவு பண்ண முடியல. அவ எனக்காகக் கூண்டுங்கறா. நான் அவளுக்காகப் பாருங்கறேன். நேத்து ராத்திரி பூரா இதே சண்டை. நீங்க கதையை முடிச்சுக் குடுங்க, அதுபடியே செய்யறோம்."

"உங்களுக்கு எது இஷ்டம் டாக்டர்?"

"அவ ஓட்டணும் சார். ஆனா அவ உள்ள இருக்க, நான் வெளிய நின்னு…" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என்னால முடியுமான்னு தெரியல. பயமா இருக்கு. அவ எப்படி பதினோரு வருஷம் நின்னா?"

கதையில் வருகிறவர்கள் எழுத்தாளனை மீறிப் போவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். வரிசையில் வந்து உத்தரவுக்குக் காத்து நிற்பார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. என்னால் முடியாது. இரண்டு பேரையும் எனக்குப் பிடித்துப்போய்விட்டது. ஒருவரை வேலியோரம் நிறுத்த எனக்கு மனசு வரவில்லை.

அதனால் உங்களிடம் தருகிறேன். இன்று வியாழன். கூண்டு என்று எழுதினால் டாக்டர் ஓட்டுவார். பார் என்று எழுதினால் மேடம் ஓட்டுவார். எதை வேண்டுமானாலும் எழுதுங்கள், நான் குறுக்கே வரமாட்டேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். காரில் இருப்பவரை மட்டும் எழுதிவிட்டுப் போய்விடாதீர்கள். வேலியோரம் நிற்பவரோடு நீங்களும் நின்று, ஒன்றிலிருந்து எண்ணுங்கள். நூற்று நாற்பதைத் தாண்டினால் ஓர் எண்ணைக்கூட விட்டுவிடாமல், நூற்று நாற்பத்தொன்று, நூற்று நாற்பத்திரண்டு, நூற்று நாற்பத்து